அமெரிக்கக் கால்பந்து சீசனைத் தொலைவிலிருந்து பின்தொடர்வது எப்படி?

2024 செப்டம்பர் 6 அன்று, பிரேசிலின் சாவோ பாலோ நகரில் கொரிந்தியன்ஸ் கழகத்தின் மைதானத்தில், பிலடெல்பியா ஈகிள்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க அணிகள் மோதின. கொரிந்தியன்ஸ் ரசிகர்களுக்குப் பச்சை நிறம் ஆகாது. அவர்களுடைய பரம எதிரியான பல்மெய்ராஸின் நிறம் அது. வந்திறங்கிய இரண்டு அணிகளுக்குமோ பச்சைதான் அடையாளம். புல்தரை வழுக்கியதால் வீரர்கள் சறுக்கிச் சறுக்கி விழ, ஈகிள்ஸ் 34-29 என்ற கணக்கில் வென்றது. அமெரிக்கக் கால்பந்தின் தலைமை அமைப்பான என்.எஃப்.எல்., தன் சீசன் ஆட்டம் ஒன்றைத் தென் அமெரிக்காவில் நடத்தியது அதுவே முதல் முறை. ஐந்து மாதங்கள் கழித்து, 2025 பிப்ரவரி 9 அன்று, நியூ ஆர்லியன்ஸில் கோப்பையைக் கைப்பற்றியதும் அதே ஈகிள்ஸ்தான். இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே என்ன நடக்கிறது, அமெரிக்காவுக்கு வெளியே வாழும் ஒருவர் அதைத் தூக்கம் கெடாமல் எப்படிப் பின்தொடரலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அந்த 2024 சீசனிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். முடிந்துபோன சீசன் என்பதால் அதன் முழு உருவமும் நம் கண்முன் இருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களைவிடக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் விரைவில் பிடிபடும் என்பது என் கருத்து. கால்பந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம். இதுவோ கிரிக்கெட்டைப் போல ஒவ்வொரு பந்தாக, ஒவ்வொரு முயற்சியாக நகர்வது; ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு இரு தரப்பும் ஆட்களை நிறுத்தும் இடத்தை மாற்றிக்கொள்வார்கள்; அந்த ஏற்பாட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பந்து நகரும் முன்பே பாதிச் செய்தி கிடைத்துவிடும்.

ஆடுகளத்தின் நீளம் 100 யார்டு. இரு முனைகளிலும் 10 யார்டு அகலத்தில் எண்ட் ஸோன் எனப்படும் பகுதி உண்டு. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் பந்தை மொத்தம் 10 யார்டாவது முன்னே கொண்டுசென்றுவிட்டால், மீண்டும் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். திரையின் ஓரத்தில் 3 என்றும் 7 என்றும் சேர்த்து எழுதியிருந்தால், இது மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு தேவை என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டுப் பிறகு ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், விதிப்புத்தகத்தில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியதில்லை. கடைசி ஓவரில் எத்தனை பந்துக்கு எத்தனை ரன் என்று கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மனக்கணக்கு புதிதாகவும் இருக்காது.

மூன்று முயற்சிகளில் 10 யார்டு கிடைக்காதபோது, நான்காவது முயற்சியில் என்ன செய்வது என்பதுதான் பயிற்சியாளரின் தீராத தலைவலி. பந்தை எதிரணியின் பக்கம் நெடுந்தூரம் உதைத்துவிடலாம்; அதற்கு பண்ட் என்று பெயர். எண்ட் ஸோனின் பின்னால் நிற்கும் கோல் கம்பங்களுக்கு அருகில் இருந்தால் அவற்றின் இடையே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அது ஃபீல்ட் கோல். துணிந்து மீண்டும் ஒருமுறை முயன்றும் பார்க்கலாம். பந்தோடு எண்ட் ஸோனை எட்டினால் அது டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதையால் 1 புள்ளியோ, மறுபடி ஓடியோ எறிந்தோ 2 புள்ளியோ சேர்க்கலாம். ஆட்டப் புள்ளிகள் 7, 14, 17, 24 என்று வருவதற்கும், ஒரு கால்பந்து ரசிகருக்கு விசித்திரமாகத் தோன்றும் 34-29 போன்ற முடிவுகளுக்கும் காரணம் இதுதான்.

அணி என்பது உண்மையில் மூன்று அணிகளின் தொகுப்பு. தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு, உதைக்கும் வேலைக்கென வருபவர்கள் வேறு. தாக்குபவர்களின் நடுவில் நின்று பந்தைப் பெற்று, எறிவதா கொடுப்பதா ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவர் எப்படியோ அணியின் சீசனும் பெரும்பாலும் அப்படியே. புதிதாகப் பார்ப்பவர் மற்ற 21 பேரை முதல் மாதம் மறந்துவிட்டாலும் குற்றமில்லை.

ஆட்டக் கடிகாரம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக மொத்தம் 60 நிமிடம் ஓடும். தொலைக்காட்சியிலோ அது ஏறக்குறைய மூன்று மணி நேரம். பந்து உயிரோடு இருக்கும் நேரம் அதில் மிகச் சிறிய பகுதி. மீதமெல்லாம் திட்டமிடலும் காத்திருத்தலும் விளம்பரமும். புதியவர்களை விரட்டியடிப்பது இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சீசனும் இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். ஒரு வழக்கமான சீசனில் ஓர் அணி விளையாடுவது 17 நாள் மட்டுமே. மற்ற நாள்களெல்லாம் காத்திருப்பு. தொலைவில் இருக்கும் ரசிகருக்கு இது குறையல்ல, வசதி. வாரத்துக்கு ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது யாருக்கும் இயலும். அந்த ஓர் ஆட்டத்தைச் சுற்றியுள்ள ஆறு நாள்களில் நடப்பதைப் புரிந்துகொள்வதுதான் பின்தொடர்தல் என்பது.

இனி சீசனின் கட்டமைப்பு. மொத்தம் 32 அணிகள். அவை ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 16 அணிகள் இருக்கும். அந்தப் 16 அணிகள் கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு நான்காக நான்கு பிரிவுகள். இந்த இரட்டை அமைப்பு யாரோ காகிதத்தில் வரைந்து உருவானதன்று. 1960-இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி அமைப்பு தோன்றி, பழைய என்.எஃப்.எல்.லோடு வீரர்களுக்காகவும் தொலைக்காட்சி வருவாய்க்காகவும் மல்லுக்கட்டியது. இரண்டின் வெற்றியாளர்களும் மோதிய ஆட்டம் 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது; இன்று முதல் சூப்பர் பௌல் என்று நாம் சொல்வது அதைத்தான். 1970-இல் இரண்டும் ஒன்றாக இணைந்தபின், பழைய பகையின் தடம் இரண்டு கான்ஃபரன்ஸ்களாகத் தங்கிவிட்டது. சம்பந்தி வீடுகள் ஒன்றானாலும் பந்தியில் இரண்டு வரிசையாகவே உட்காருவதைப் போன்றது இது.

2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. நடுவில் ஒரு வாரம் ஓய்வு. எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதில்லை என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். தன் பிரிவில் உள்ள மற்ற மூன்று அணிகளோடு ஊருக்கு ஒன்றாக இரண்டு முறை, ஆக ஆறு ஆட்டங்கள். தன் கான்ஃபரன்ஸின் வேறொரு பிரிவோடு நான்கு, எதிர் கான்ஃபரன்ஸின் ஒரு பிரிவோடு நான்கு. இவை ஆண்டுதோறும் சுழற்சியில் மாறும். மீதமுள்ள மூன்றும், முந்தைய சீசனில் தத்தம் பிரிவில் இதே இடத்தைப் பிடித்த அணிகளோடு. அதாவது சென்ற ஆண்டு முதலிடம் பெற்றவருக்கு இந்த ஆண்டு அதே போன்ற மூன்று முதலிடக்காரர்கள் கூடுதலாகக் காத்திருப்பார்கள். கடைசியில் வந்தவருக்குக் கடைசியில் வந்தவர்கள்.

பிரிவு என்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஈகிள்ஸும் வாஷிங்டன் கமாண்டர்ஸும் நல்ல சான்று. இரண்டும் என்.எஃப்.சி. கிழக்கைச் சேர்ந்தவை. 2024 நவம்பரில் ஈகிள்ஸ் 26-18 என்று வென்றது. டிசம்பரில் கமாண்டர்ஸ் 36-33 என்று பழி தீர்த்தது. ஜனவரியில் கான்ஃபரன்ஸ் இறுதியில் மூன்றாவது முறை சந்தித்தபோது ஈகிள்ஸ் 55-23 என்று நொறுக்கியது. ஒரே எதிரியை ஒரே சீசனில் மூன்று முறை சந்திக்கும்போது, ஒவ்வொரு முறையும் முந்தைய ஆட்டத்தின் பாடமும் வன்மமும் கூடவே களமிறங்குகின்றன. ஆகவே புதிதாக ஓர் அணியைப் பின்தொடர்பவர், தன் அணியோடு பிரிவுக் கூட்டாளிகள் மூவரின் முடிவுகளையும் ஒரு கண் பார்த்து வைப்பது நல்லது.

பிளே-ஆஃபுக்குச் செல்வது ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஏழு அணிகள். நான்கு பிரிவுகளின் வெற்றியாளர்கள் முதல் நான்கு இடங்களைப் பெறுவார்கள். மீதமுள்ளோரில் சிறந்த மூன்று அணிகள் வைல்டு கார்டு வழியாக நுழையும். (அந்தச் சொல்லைத் தொலைக்காட்சி வீட்டுக்குள் நடுவழியில் வந்து சேர்பவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இங்கே நுழைபவர்கள் நான்கு மாதம் உழைத்துத்தான் வருகிறார்கள்.) முதலிடம் பெற்ற அணிக்கு முதல் சுற்றில் ஓய்வு. அதன்பின் எல்லாம் ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. மூன்று சுற்றுகளைக் கடந்து வரும் இரு கான்ஃபரன்ஸ் வெற்றியாளர்கள், பிப்ரவரியின் இரண்டாம் ஞாயிறன்று பொதுவான ஒரு நகரில் சூப்பர் பௌல் ஆடுவார்கள்.

பிரிவை வெல்பவருக்கு முன்னுரிமை என்ற இந்த விதி சில நேரம் கொடூரமாக இருக்கும். 2024 சீசனின் கடைசி வார ஆட்டத்தில் டெட்ராய்ட் லயன்ஸும் மினசோட்டா வைக்கிங்ஸும் மோதியபோது இரண்டுமே 14 வெற்றி, 2 தோல்வி என்ற ஒரே நிலையில் இருந்தன. இரண்டும் ஒரே பிரிவு. வென்றால் கான்ஃபரன்ஸ் முழுவதிலும் முதலிடம், ஒரு வார ஓய்வு, சொந்த மைதானம். தோற்றால் ஐந்தாம் இடம், அடுத்த வாரமே வெளியூர்ப் பயணம். லயன்ஸ் 31-9 என்று வென்றது. 14 ஆட்டங்களை வென்றிருந்த வைக்கிங்ஸ், 10 ஆட்டங்களை மட்டுமே வென்று தன் பிரிவில் முதலில் வந்த லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸோடு வெளியூரில் ஆட நேர்ந்தது. அந்நகரைச் சூழ்ந்த காட்டுத்தீயால் அந்த ஆட்டம் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டும்கூட, வைக்கிங்ஸ் 27-9 என்று தோற்று வெளியேறியது. முதலிடமும் ஓய்வும் பெற்ற லயன்ஸின் கதையும் நீளவில்லை. ஆறாம் இடத்திலிருந்து வந்த கமாண்டர்ஸ், டெட்ராய்ட்டுக்கே சென்று 45-31 என்று அவர்களை வீழ்த்தியது. புள்ளிப்பட்டியல் நியாயம் சொல்லும் என்று நம்பி வருபவர்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது.

அதே கடைசி வாரத்தில் இன்னொரு வகை ஆட்டத்தையும் காணலாம். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் ஏற்கெனவே தன் கான்ஃபரன்ஸில் முதலிடத்தை உறுதி செய்துவிட்டதால், முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டென்வர் பிராங்கோஸிடம் 38-0 என்று தோற்றது. சீஃப்ஸுக்கு அந்தத் தோல்வியால் எந்த இழப்பும் இல்லை; ஆனால் அந்த வெற்றியால் பிராங்கோஸ் ஏழாவது அணியாகப் பிளே-ஆஃபுக்குள் நுழைய, அதன் தோல்விக்காக வேண்டிக்கொண்டிருந்த சின்சினாட்டி பெங்கால்ஸ் வெளியே நின்றது. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட ஈகிள்ஸ் வீரர் சாக்வான் பார்க்லியும் அந்த வாரம் ஓய்வில் அமர்த்தப்பட்டார். அவர் அந்தச் சீசனில் 2,005 யார்டுகள் ஓடியிருந்தார். எரிக் டிக்கர்சன் 1984-இல் படைத்த 2,105 யார்டு சாதனையை முறியடிக்க 101 யார்டு போதும். அணியின் இடம் மாறப் போவதில்லை என்றானபின், சாதனைக்காக அவரைக் காயத்துக்கு ஆளாக்கப் பயிற்சியாளர் விரும்பவில்லை. ஐந்து வாரம் கழித்து, தன் 28-ஆம் பிறந்தநாளன்று, பார்க்லி சூப்பர் பௌல் வென்றார். அவருக்கு ஓய்வு கொடுத்த முடிவு சரியா என்று ரசிகர்கள் வாதிட்டார்கள். எனக்குச் சரியென்றே படுகிறது. வெறும் முடிவுகளை மட்டும் பார்த்த ஒருவருக்கு 38-0 என்பது அதிர்ச்சிச் செய்தி. நிலவரத்தை அறிந்தவருக்கு அது எதிர்பார்த்தது.

நேற்று கடைசியில் இருந்தவர் இன்று எப்படி இவ்வளவு தூரம் வந்தார் என்ற கேள்வி கமாண்டர்ஸைப் பற்றி எழலாம். 2023-இல் அந்த அணி 17 ஆட்டங்களில் நான்கைத்தான் வென்றது. அதற்குப் பரிசாகக் கிடைத்தது டிராஃப்டில் இரண்டாம் இடம். ஒவ்வோர் ஏப்ரலிலும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு, இப்படி ஏழு சுற்றுகள். ஐ.பி.எல். ஏலத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே பணம் வைத்திருப்பவர் கை தூக்கலாம். இங்கே ஏலமே இல்லை, முறை வந்தால்தான் வாய்ப்பு, வீரருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. கமாண்டர்ஸ் அந்த இரண்டாம் வாய்ப்பில் ஜேடன் டேனியல்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அக்டோபர் 27 அன்று சிகாகோ பேர்ஸுக்கு எதிராக, கடிகாரம் பூச்சியத்தைத் தொட்டபின், அவர் நெடுந்தூரம் வீசிய பந்து பல கைகளில் தட்டுப்பட்டு நோவா பிரவுனிடம் விழுந்தது. 18-15 என்று வெற்றி. அந்தச் சீசனில் அந்த அணி வென்றது 12 ஆட்டங்கள். சம்பள உச்சவரம்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது: 1994 முதல், எந்த அணியும் தன் வீரர்களுக்கு ஓராண்டில் இவ்வளவுக்கு மேல் செலவிடக் கூடாது என்ற வரம்பு உண்டு, 2024-இல் அது 25.54 கோடி டாலர். பணக்கார உரிமையாளர் எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொள்ள இயலாது. எனவே உங்கள் அணி இந்த ஆண்டு மண்ணைக் கவ்வினாலும் அடுத்த ஆண்டை நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது வெறும் பேதைமையாகிவிடாது. (நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்கள் மட்டும் இந்த வாக்கியத்தை நம்ப மறுப்பார்கள், அவர்களுடைய அணி கடைசியாகப் பிளே-ஆஃப் ஆடியது 2010 சீசனில்.)

இப்போது தொலைவின் உண்மையான சிக்கலுக்கு, அதாவது கடிகாரத்துக்கு வருவோம். என்.எஃப்.எல். தன் நேரங்களை அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரத்தில் அறிவிக்கிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்திய, இலங்கை நேரம் அதைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னே இருக்கும். அங்கே ஞாயிறு மதியம் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு ஞாயிறு இரவு 10:30. அங்கே மாலை 4:25 என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை 1:55. அங்கே இரவு 8:20-க்குத் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5:50. வியாழன் இரவு ஆட்டம் வெள்ளிக் காலையிலும், திங்கள் இரவு ஆட்டம் செவ்வாய்க் காலையிலும் வந்து சேரும். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதால், அன்று முதல் நமக்கு எல்லாமே ஒரு மணி நேரம் தாமதமாகும். 10:30 என்பது 11:30 ஆகிவிடும். முதல் ஆண்டு ரசிகர்கள் அந்த வாரம் ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏறத்தாழ ஒரு சடங்கு.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு நவம்பர் வரை கணக்கே வேண்டாம். சரியாகப் பன்னிரண்டு மணி நேர வேறுபாடு, இரவைக் காலையாக மாற்றி வாசித்தால் போதும். பிரிட்டனில் இருப்பவர்கள் மிகவும் அதிர்ஷ்டசாலிகள்: ஞாயிறு மாலை 6 மணிக்கு ஆட்டம். ஆனால் அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரம் மாறிவிடுவதால், இடைப்பட்ட அந்த ஒரு வாரம் மட்டும் அது 5 மணிக்கே தொடங்கிவிடும்.

என் யோசனை இதுதான். இந்தியாவிலிருந்து பார்க்கத் தொடங்குபவர் முதலில் லண்டன் ஆட்டங்களைப் பார்க்கட்டும். 2007-இல் வெம்பிளியில் நியூயார்க் ஜயண்ட்ஸும் மயாமி டால்ஃபின்ஸும் ஆடியது முதல் லண்டனில் ஏறக்குறைய ஆண்டுதோறும் சீசன் ஆட்டங்கள் நடக்கின்றன. பின்னர் மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், டப்ளின், பெர்லின், மாட்ரிட் என்று பட்டியல் நீண்டுவிட்டது. லண்டனில் அக்டோபர் மாதம் நடக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்கு ஞாயிறு மாலை 7 மணிக்குத் தொடங்கி, படுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த மைதானங்களில் இன்னொரு காட்சியையும் காணலாம். ஆடுவது எந்த இரண்டு அணிகளாக இருந்தாலும், கூட்டத்தில் 32 அணிகளின் சட்டைகளும் தென்படும். அயல்நாட்டு ரசிகருக்குத் தன் அணி தன் ஊருக்கு வரும் நாள் அநேகமாக வராது; எந்த அணி வந்தாலும் அது அவருடைய திருவிழாதான். 2022 நவம்பரில் மியூனிக்கில் முதல் ஆட்டம் நடந்தபோது, ஆட்டத்தின் இடைவேளைகளில் ஒலித்த பழைய அமெரிக்கப் பாடல்களை ஜெர்மானிய ரசிகர்கள் அரங்கம் அதிரக் கூடிப் பாடியது இன்றும் பேசப்படுகிறது.

லண்டன் ஆட்டங்கள் தீர்ந்தபின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலைக்குப் போகும் முன்பு காலை ஆட்டத்தைப் பார்ப்பது. ஆறு மணிக்கு எழும் வழக்கமுள்ளவருக்குத் திங்கள், செவ்வாய், வெள்ளி காலைகளில் ஒரே ஓர் ஆட்டம் மட்டுமே ஓடும் நேரம் அது. பால் பொங்கும் நேரத்தில் முதல் பாதியாவது பார்க்கலாம். மற்றொன்று, பதிவைப் பார்ப்பது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளில் 2023 முதல் டாசான் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தின் வழியாக, என்.எஃப்.எல். ஆட்டங்களைப் பார்ப்பதற்கான கேம் பாஸ் சந்தா கிடைக்கிறது. முழு ஆட்டத்தோடு, இடைவெளிகளை வெட்டி ஏறக்குறைய 40 நிமிடமாகச் சுருக்கிய வடிவமும் உண்டு. ஞாயிறு நள்ளிரவில் கண்விழித்துச் சோர்வோடு பார்ப்பதைவிட, திங்கள் மாலை இந்தச் சுருக்கத்தை நிதானமாகப் பார்ப்பவருக்கே ஆட்டம் நன்றாகப் புரிகிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நாள் முழுவதும் முடிவு காதில் விழாமல் காத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் அறிவிப்புகளை நிறுத்திவைப்பது மட்டும் போதாது. காணொளித் தளங்கள் தலைப்பிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடும். நல்ல வேளையாக, நம் ஊர்ப் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அயல்நாட்டு ரசிகரின் தனிமையில் கிடைக்கும் ஒரே சலுகை அது.

ஒரே அணியில் மனம் நிலைக்காதவர்களுக்கு ரெட் ஸோன் என்ற அலைவரிசை இருக்கிறது. எண்ட் ஸோனுக்கு முந்தைய கடைசி 20 யார்டுக்கு அந்தப் பெயர். ஞாயிறு பகல் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் எங்கே எவர் அந்தப் பகுதியை எட்டினாலும் உடனே அங்கே தாவி, ஏழு மணி நேரம் விடாமல் காட்டுவார்கள். விருந்தில் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரு வாய் சுவைப்பது போன்றது. வயிறு நிறையும், சமைத்த விதம் தெரியாது.

வாரநாள்களில் கவனிக்க வேண்டியது காயப் பட்டியல். புதன் முதல் வெள்ளி வரை, யார் பயிற்சியில் கலந்துகொண்டார், யார் ஆடுவது ஐயம், யார் ஆடவே மாட்டார் என்று ஒவ்வோர் அணியும் விதிப்படி அறிவித்தாக வேண்டும். ஆட்டத்துக்கு 90 நிமிடங்களுக்கு முன்பு, களமிறங்காதவர்களின் இறுதிப் பட்டியல் வெளியாகும். குவார்ட்டர்பேக்கின் பெயர் அதில் இருந்தால், கண்விழிக்கும் திட்டத்தைக் கைவிடுவது பற்றி அப்போதே யோசிக்கலாம்.

எந்த அணியைத் தேர்ந்தெடுப்பது? ஊரும் உறவும் இல்லாதவருக்கு இது விசித்திரமான சுதந்திரம். பிரிட்டனில் 1982-இல் சேனல் 4 தொடங்கிய அதே ஆண்டில் இந்த ஆட்டத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. அக்காலத்தில் மின்னிய சிகாகோ பேர்ஸ், சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ், குவார்ட்டர்பேக் டேன் மரினோவின் மயாமி டால்ஃபின்ஸ் ஆகிய அணிகளுக்கு அங்கே நடுவயது ரசிகர்கள் இன்றும் நிறைய உண்டு. எந்த வயதில் எந்த அணி திரையில் தோன்றியது என்பதே அவர்களுடைய பிறந்த ஊர். வென்றுகொண்டிருக்கும் அணியைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை என்றாலும், மேலே சொன்ன டிராஃப்டும் உச்சவரம்பும் அந்த வெற்றியை நெடுநாள் நீடிக்கவிடா என்பதை நினைவில் வையுங்கள். அமைப்பை வைத்தே ஓர் அணியைத் தேர்வு செய்ய விரும்புபவருக்கு நான் கிரீன் பே பேக்கர்ஸைச் சொல்வேன். ஒரு லட்சம் பேர் வாழும் சிறு நகரம். தனி உரிமையாளர் இல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், அவர்களுக்கு ஈவுத்தொகை ஒரு காசும் கிடையாது. எதையும் எதிர்பார்க்காமல் பற்று வைப்பது என்பதில் அவர்கள் அயல்நாட்டு ரசிகர்களுக்கு நெருங்கிய உறவினர்கள்.

தேர்ந்தெடுத்தபின் ஐந்தாறு வாரம் பொறுமை தேவை. 2024-இல் ஈகிள்ஸ் முதல் நான்கு ஆட்டங்களில் இரண்டை வென்று இரண்டைத் தோற்றது. ஐந்தாம் வாரம் ஓய்வு. அதன்பின் தொடர்ந்து பத்து வெற்றிகள். அக்டோபர் தொடக்கத்தில் அணியைக் கைவிட்டவர்கள் டிசம்பரில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள்.

சூப்பர் பௌல் நமக்குத் திங்கள் காலை 5 மணிக்குத் தொடங்கும். இடைவேளையில் நடக்கும் இசை நிகழ்ச்சியால் அது வழக்கத்தைவிட நீளும். முடியும்போது ஒன்பது மணியை நெருங்கியிருக்கும் என்பதால், அன்று அரைநாள் விடுப்பை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. 2025-இல் அப்படிக் காத்திருந்தவர்கள், மூன்றாவது ஆண்டாகத் தொடர்ந்து கோப்பை வெல்ல வந்த சீஃப்ஸ், முதல் பாதி முடிவில் 24-0 என்று பின்தங்கி நின்றதைக் கண்டார்கள். இறுதிக் கணக்கு 40-22.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறுவார்கள். பார்க்லி அவ்வாறுதான் முந்தைய ஆண்டு ஜயண்ட்ஸிலிருந்து அதே பிரிவிலிருந்த ஈகிள்ஸுக்கு வந்தார். ஏப்ரலில் டிராஃப்ட், மே மாதத்தில் புதிய அட்டவணை, ஜூலையில் பயிற்சி முகாம். 2025 டிராஃப்ட் கிரீன் பேவில் நடந்தது. வெற்றியாளர் என்பதால் ஈகிள்ஸுக்கு 32-ஆம் இடம், அதற்கு ஒரு படி முன்னே, இறுதியில் தோற்ற சீஃப்ஸுக்கு 31-ஆம் இடம். இந்தியாவில் வெள்ளிக்கிழமை காலையாகிவிட்ட அந்த வேளையில், ஈகிள்ஸ் சீஃப்ஸிடம் பேசி, பின்சுற்று வாய்ப்பு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து, அந்த ஒரே ஒரு படியை வாங்கி, ஜிஹாத் கேம்ப்பெல் என்ற தடுப்பாட்டக்காரரின் பெயரை அறிவித்தது.